இரண்டு விரற்கடை கோணல்

முதலில் காலர்கள் வந்தன. தோள்வரை இறக்கை விரித்த பெரிய காலர்கள். அவற்றின் பின்னால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் புள்ளி போட்ட கவுன்கள், தோளில் பொம்மென்று உப்பிய கைகள், முழங்காலுக்குக் கீழே மணிபோல் விரியும் கால்சட்டைகள். பழைய சரக்குக் கிடங்கு ஒன்றைக் காலிசெய்து, நடுவில் நீளமாக வெள்ளைப் பாதை போட்டிருந்தார்கள். வெளிச்சமெல்லாம் பாதைமேல் மட்டும். பெண்கள் ஒவ்வொருவராக இருட்டிலிருந்து கிளம்பி, வெளிச்சத்துக்குள் நடந்து, திரும்பி, மறுபடி இருட்டுக்குள் போனார்கள். என் இளமையில் பேருந்து நிறுத்தங்களில் நின்ற பெண்களெல்லாம் இத்தனை காலமும் எங்கோ ஓர் அறையில் காத்திருந்துவிட்டு, இன்று கதவு திறந்ததும் வரிசையாக வெளியே வருவதுபோல் இருந்தது. ஒருத்திக்குக்கூட வயதாகியிருக்கவில்லை.

அது என் மகளின் முதல் ஃபேஷன் ஷோ. அவளை நாங்கள் தும்பி என்று கூப்பிடுவோம். ஓரிடத்தில் உட்காராத குழந்தை என்பதால் என் மனைவி வைத்த பெயர். ‘நாங்கள்’ என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். தும்பிக்கு ஐந்து வயது நிரம்பும் முன்பே ஒரு காய்ச்சலில் என் மனைவி போய்விட்டாள். அதன்பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட நான் ஒருவன்தான்.

எனக்கு முன்வரிசையில் என் வயதை ஒட்டிய இரண்டு பெண்கள். தோழிகளாகத்தான் இருக்கவேண்டும், பேச்சை ஒரு நிமிடமும் கீழே வைக்கவில்லை.

“ஐயோ, எங்க வீட்டு ஜன்னல் திரை நடந்து போகுதுடி.”

“சும்மா இரு. கல்யாணத்துக்கு முன்னாடி நீயே இதுல ஒண்ணு வச்சிருந்த.”

“வச்சிருந்தேன், அதனாலதான் சொல்றேன். வேர்த்தா முதுகோட ஒட்டிக்கும். இதைப் போய் மறுபடியும் கொண்டாந்திருக்காங்களே, அறிவு வேண்டாம்?”

“அப்புறம் ஏன் கண்ணைத் துடைக்கிற?”

“விளக்கு கூசுது.”

அப்போதுதான் பாசிப்பச்சை ஸ்கர்ட் வந்தது. இடுப்பில் அகலப் பட்டி, அதன் கீழே ஆறு துண்டுகளாக விரிந்து, கெண்டைக்கால் பாதிவரை. உடுத்தியிருந்த பெண் நல்ல உயரம், மரம்போல் நேரான உடம்பு. அவள் நடக்க நடக்க ஸ்கர்ட்டின் கீழ்விளிம்பு வலது பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு விரற்கடை இருக்கும். அவள் பின்னாலேயே இன்னொன்று வந்தது, சாம்பல் நிறத்தில், அதுவும் வலது பக்கம் தூக்கலாக. பிறகு ஒரு கவுன், அதுவும். அரங்கில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி வரிசை வரிசையாகப் பரவியது.

“தைச்சவன் பாதில தூங்கிட்டான் போலிருக்கு.”

“இல்லடி, இதுதான் இப்ப ஸ்டைலாம்.”

“ஸ்டைலு! என் மாமியார் பார்த்திருந்தா ஊசியும் நூலுமா மேடைக்கே ஏறியிருப்பாங்க.”

நான் சிரிக்கவில்லை. அந்தக் கோணல் எனக்குத் தெரிந்த கோணல். அதைச் சாக்கட்டியால் கோடு போட்டவன் நான்.

*

என் மனைவி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஒருவரோடொருவர் இணைத்துவிடும் வேலை. அவளுடைய வலது கால் இடது காலைவிடக் கொஞ்சம் குட்டை. பிறந்ததிலிருந்தே அப்படி. நடக்கும்போது உடம்பு வலப்பக்கம் ஒரு சிறு முங்கு முங்கி எழும், கரையில் கட்டிப்போட்ட படகு அலை வரும்போது செய்வதைப்போல. அந்த நடையைப்பற்றி அவளுக்கு வெட்கம் கிடையாது. தெருவில் யாராவது உற்றுப் பார்த்தால் அவளும் நின்று அவர்களை உற்றுப் பார்ப்பாள்.

ஆனால் கடையில் வாங்கிய ஸ்கர்ட் அவள் இடுப்பில் ஏறியதும் வலது பக்கம் இறங்கித் தொங்கும். அதைத்தான் அவளால் பொறுக்க முடியாது.

“கால் கோணல்னா கடவுள் செஞ்சதுன்னு விட்டுருவாங்க. அடிமடிப்பு கோணல்னா நான் செஞ்சதுன்னுல்ல நினைப்பாங்க?” என்பாள்.

அதனால் தன் துணியைத் தானே தைத்தாள். எல்லாம் தைத்து முடித்து, கீழே மடிக்காமல் உடுத்திக்கொண்டு, விடுமுறை நாளின் காலையில் சாப்பாட்டு மேசைமேல் ஏறி நிற்பாள். ஜன்னலை ஒட்டிய மேசை. நான் நாற்காலியில் உட்கார்ந்து, மேசைப் பலகையில் அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரே உயரத்தில் சாக்கட்டியால் சுற்றிலும் புள்ளி வைக்கவேண்டும். அவள் நகரக்கூடாது, நான்தான் நாற்காலியோடு மேசையைச் சுற்றிவரவேண்டும். நான் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துபவனாக இருந்தேன். ஒரு வரி மயிரிழை ஏறி இறங்கினாலும் கண்ணில் படும். அந்தக் கண்ணை அவள் நம்பினாள்.

“பிழை ஏதாவது இருக்கா சார்?” என்று மேலிருந்து கேட்பாள்.

“ஒரு கால்புள்ளி குறையுது.”

உடனே அந்தக் குட்டைக் காலாலேயே அளவுகோலைத் தட்டிவிடுவாள். மறுபடி முதலிலிருந்து.

வெயில் அவளுக்குப் பின்னாலிருந்து வரும். துணி வழியாக வரும் பாசிப்பச்சை வெளிச்சம் என் கைகள்மேலும் அளவுகோல்மேலும் விழும். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்வதுபோல் இருக்கும். தரையில் தும்பி நூல்கண்டை உருட்டிக்கொண்டு திரிவாள். அளந்து முடித்து, மடித்துத் தைத்தபின், அந்த ஸ்கர்ட் என் மனைவிமேல் குளத்துத் தண்ணீர்போல் மட்டமாக நிற்கும். கழற்றிக் கொடியில் போட்டால் மட்டும்தான் தெரியும், வலது பக்கம் இரண்டு விரற்கடை குட்டை என்று.

புகைப்படங்களில் அவள் நேராக நிற்கிறாள். விளிம்பு அத்தனை மட்டமாக இருப்பதால் பார்க்கிறவர் கண் காலுக்குப் போவதே இல்லை. தும்பி வளர்ந்ததெல்லாம் அந்தப் படங்களைப் பார்த்துத்தான். அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்கும் குழந்தையிடம் யாரும் காலிலிருந்து ஆரம்பிப்பதில்லை. கண், முடி, குரல் என்று சொல்லி முடிப்பதற்குள் குழந்தை தூங்கிவிடும்.

ஷோவுக்குச் சில மாதங்கள் முன்பு, “அம்மாவோட பழைய துணியெல்லாம் எங்கப்பா இருக்கு?” என்று கேட்டாள். பெட்டியோடு தூக்கிக் கொடுத்தேன். திறந்து பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை. அவள் அதிலிருந்து எதை எடுத்தாள், என்ன செய்தாள் என்பதெல்லாம் அந்த வெள்ளைப் பாதையில்தான் எனக்குத் தெரியவந்தது.

*

ஷோ முடிந்ததும் திரைக்குப் பின்னால் போனேன். ஊசிகளும் ஈரத் தலைமுடியும் பவுடர் வாசனையுமாக ஒரே களேபரம். தும்பி என்னைக் கண்டதும் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். முகம் விளக்குப் போட்டதுபோல் இருந்தது.

“பாத்தீங்களாப்பா? அம்மாவோட கோணல்!”

“பாத்தேன்மா.”

“பெட்டியில இருந்த ஒவ்வொண்ணும் அப்படித்தான்ப்பா இருந்துச்சு. எல்லாமே வலது பக்கம் தூக்கல். எங்க கட்டிங் மாஸ்டர் என்ன சொன்னார் தெரியுமா? பழைய துணி, இழுத்துக்கிட்டுப் போயிருக்கும், நேராக்கிடலாம்னார். நான் விடல. ஒண்ணு இழுக்கும், எல்லாமா இழுக்கும்? அம்மா வேணும்னேதான் வெட்டியிருக்கா. எல்லாரும் அளவுகோல் வச்சு நேரா உடுத்தின காலத்துல அவ மட்டும் ஊரைப் பாத்து நாக்கைத் துருத்திக்கிட்டுப் போயிருக்காப்பா!”

பக்கத்தில் ஒலிவாங்கியோடு ஒரு பெண் காத்திருந்தாள். தும்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பி, இதையே இன்னும் அழகாகச் சொன்னாள். அது அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் தாயை முழுதாக மறந்துபோன பெண், தானே தேடி ஒரு தாயைக் கண்டுபிடித்துக்கொண்டு நிற்கிறாள். கூட்டத்துக்கு நடுவே அதைப் பிடுங்க என் கை நீளவில்லை. வீட்டுக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவளோ அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு வரவில்லை.

*

அந்த வாரம் ஊரே ஆடையைப்பற்றிப் பேசியது. எனக்கு அப்படித்தான் தோன்றியது. மாடிவீட்டு அக்கா தினமும் காலையில் போனைத் தூக்கிக்கொண்டு இறங்கிவருவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஷோ வீடியோவின் கீழே ஜனங்கள் எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டுவார். அவர் என்னைவிட இளையவர், ஆனாலும் கட்டடத்தில் எல்லோருக்கும் அக்காதான்.

“கேளுங்கண்ணே. ‘என் அத்தை பழைய சோபா உறையைக் காணோம்னு தேடிக்கிட்டிருக்காங்க, தயவுசெய்து திருப்பிக் கொடுக்கவும்.’ எழுதியிருக்கான் பாருங்க, வேலையத்தவன்.”

“ம்.”

“இது ஒரு பொண்ணு. ‘அந்தப் புள்ளி கவுன் எனக்கு உடனே வேணும், இல்லன்னா செத்துருவேன்.’ சாகட்டும். இது யாரோ பெரியவங்க போல. ‘இதே காலர் சட்டையோடுதான் நான் முதல் நாள் வேலைக்குப் போனேன். இன்றைக்குப் பார்த்ததும் அந்தப் படிக்கட்டின் வாசனை வந்தது.’ படிக்கட்டுக்கு என்னண்ணே வாசனை?”

“இருக்கும்.”

“அப்புறம் இந்தக் கோணல். அதுக்குத்தான் நிறைய. ‘அளவு நாடா வாங்கிக் கொடுக்கட்டுமா?’ ‘ஒரு பக்கம் எலி கடிச்சிருச்சா?’ ‘அம்மா தைரியசாலியாம், அம்மாவுக்குத் தைக்கத் தெரியலன்னு சொல்லிட்டுப் போங்களேன்.’”

அவர் படிப்பதை நிறுத்திவிட்டார். என் முகத்தில் என்ன கண்டாரோ.

“விடுங்கண்ணே. வாய் இருக்குன்னு பேசுறாங்க.”

முடிதிருத்தும் கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. என் தலை கத்தரிக்குக் கீழே குனிந்திருக்க, தும்பியின் குரல் மேலே கேட்டது: “என் அம்மா எதையும் நேராகச் செய்ய மறுத்தவர்.” காத்திருந்தவர்களில் ஒருவர், “அதான் மகளும் இப்படி” என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. முடிதிருத்துபவர் மட்டும், “தலையை ஆட்டாதீங்க பெரியவரே” என்றார். நான் ஆட்டியது எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தெருவில் வேறொன்று நடக்க ஆரம்பித்தது. மழை விட்ட ஒரு மாலையில் பேருந்து நிறுத்தத்தில் கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் ஸ்கர்ட்டின் வலது ஓரத்தைத் தூக்கி ஒரு பின் குத்தியிருந்தார்கள். ஈரச் சாலையில் அவர்களின் நிழல் தலைகீழாக நின்றது. தண்ணீருக்குள் ஒரு ஊர் முழுக்க என் மனைவியின் விளிம்போடு அலைவதுபோல் இருந்தது. எல்லா விளிம்பும் இருந்தது, அந்த நடை மட்டும் ஒருத்தியிடமும் இல்லை. பேருந்து வந்து தண்ணீரைக் கலக்கிவிட்டுப் போனது. நான் ஏறாமல் நின்றுவிட்டேன்.

மறுநாள் தும்பி போன் செய்தாள். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் துணிக்கடை ஒன்று அவளுடைய ஸ்கர்ட்டுகளை விற்க எடுத்திருந்தது. அந்தக் கடைக்காக வாங்கும் மேடம், ஜனங்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, விளிம்பை எல்லாம் நேராக்கி அனுப்பச் சொல்கிறாராம். இல்லாவிட்டால் வேண்டாமாம். இன்று மாலைக்குள் முடிவு சொல்லவேண்டும்.

“பின் குத்திக்கிட்டுத் திரியற பொண்ணுங்க ஒரு மாசம் திரியும், வாங்கற அம்மாக்கள் சரி பண்ணிக் குடுன்னு திருப்பிக் கொண்டுவருவாங்கன்னு சொல்றாங்கப்பா. நான் முடியாதுன்னு சொல்லப்போறேன். எல்லாம் போனாப் போகட்டும். என் அம்மாவைத் திருத்தச் சொல்ல இவங்க யாரு?”

இத்தனை வருட உழைப்பை ஒரு கோணலுக்காக உதறப்போகிறாள். அந்தக் கோணலோ, அதைத் தைத்தவளுக்குக் கோணலே இல்லை. இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருப்பது அம்மாவையும் மகளையும் சேர்த்து ஏமாற்றுவதாகிவிடும்.

“எதுவும் சொல்லிடாத. நான் வந்துட்டிருக்கேன்,” என்றேன்.

*

தும்பியின் தையலகம் ஒரு பேக்கரிக்கு மேலே. படியேறும்போதே வெந்த ரொட்டி வாசனையும் இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் கலந்து வரும். நீளமான இரண்டு வெட்டுமேசைகள், நடுவே ஒரு ஆள் நடக்கும் அளவுக்கு வழி, கோடியில் ஆளுயரக் கண்ணாடி. மேசைமேல் ஸ்கர்ட்டுகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. கட்டிங் மாஸ்டர் பெரிய கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்போல் முழித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சார். நீங்களாவது சொல்லுங்க. வெட்டவா, வேணாமா? காலையிலருந்து கத்தரிக்கோலைத் தூக்குறதும் வைக்கிறதுமா எனக்குத் தோள்பட்டையே விட்டுப்போச்சு.”

தும்பி கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். அம்மாவின் அசல் பாசிப்பச்சை ஸ்கர்ட்டையே உடுத்தியிருந்தாள். மேடத்தோடு வீடியோ அழைப்பில் முகம் பார்த்துப் பேசும்போது அதில்தான் இருக்கவேண்டும் என்ற வீம்பு. இடுப்பு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. வலது பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. காலில் குதிகால் உயர்ந்த செருப்பு.

நான் நிறைய வார்த்தைகளைத் தயார்செய்துகொண்டு வந்திருந்தேன். அவளைப் பார்த்ததும் ஒன்றும் நினைவில் இல்லை.

“வலது கால் செருப்பைக் கழட்டும்மா.”

“என்னப்பா?”

“வலது கால் மட்டும். கழட்டிட்டு நேரா நில்லு. ரெண்டு முழங்காலையும் மடக்காம.”

அவள் என்னைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள், பிறகு கழற்றினாள். வலது பாதம் தரைக்கு இறங்கியது. இடுப்பு இறங்கியது. தூக்கிக்கொண்டிருந்த விளிம்பும் மெல்லக் கீழே வந்து, கண்ணாடிக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மட்டமாக நின்றது.

கீழே பேக்கரியில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

“அட,” என்றார் மாஸ்டர். “நான் இழுத்துக்கிச்சுன்னேனே.”

தும்பி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: “அம்மா இப்படித்தான் நிப்பாளா?”

“ஆமா. வலது கால் கொஞ்சம் குட்டை, பிறவியிலேயே. துணி தொங்கக்கூடாதுன்னு அந்தப் பக்கம் குறைச்சு மடிப்பா. மேசைமேல ஏறி நிப்பா, நான் சுத்திவந்து அளந்து கோடு போடுவேன். அவளுக்குக் கோணல்னா ஆகவே ஆகாதும்மா. மடிப்பு மட்டமா இல்லன்னா வேலைக்கே போகமாட்டா.”

அவள் முகத்தில் அந்த விளக்கு அணைந்ததை நான் பார்த்தேன். இதற்குத்தான் பயந்திருந்தேன்.

“அப்போ ஊரைப் பாத்து நாக்கைத் துருத்தினதெல்லாம்…”

“அது நீ.”

“டி.வி.யில எல்லாம் சொன்னேனேப்பா. எல்லாரையும்விட அம்மாவை எனக்குத்தான் தெரியும்கிற மாதிரி. அம்மா கேட்டிருந்தா என்ன நினைச்சிருப்பா?”

“வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சிருப்பா. ‘நான் உயிரை விட்டு நேராக்கினதை என் பொண்ணு கோணல்னு வித்துட்டா’ன்னு தொலைபேசி நிலையம் பூராவும் சொல்லியிருப்பா.”

தும்பிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மூக்கை உறிஞ்சினாள். செருப்பை மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். மாட்டவில்லை.

“எப்படி நடப்பா? சொல்லுங்க.”

“நட. தானா வரும்.”

ஒற்றைச் செருப்போடு மேசைகளுக்கு நடுவே அவள் நடந்தாள். முதலில் நொண்டினாள். அது இல்லை என்றேன். அம்மா நொண்டமாட்டாள், வலியெல்லாம் கிடையாது. சாய்ந்தாள். அவ்வளவு சாய்வு இல்லை, கொஞ்சம் வேகமாக, கைகளை வீசிக்கொண்டு, எங்கோ தாமதமாகிவிட்டதுபோல என்றேன். திரும்பி நடந்தாள். மாஸ்டர் மேசையோரம் ஒதுங்கி வழிவிட்டார். மூன்றாவதோ நான்காவதோ முறை, கண்ணாடிப் பக்கமிருந்து அவள் வரும்போது, வலப்பக்கம் அந்தச் சிறு முங்கு விழுந்தது. முங்கி எழுந்தது.

ஜன்னல் வெளிச்சம் பச்சையாக அவளைச் சுற்றி நகர்ந்தது. விளிம்பு தண்ணீர்போல் மட்டமாக வந்தது. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஒருத்தி எங்கோ தாமதமாகிவிட்டதுபோல் கைவீசி வந்துகொண்டிருந்தாள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“இதுவாப்பா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“இன்னொரு தடவை,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

*

மேடத்திடம் அவள் பேசியதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். “நேராவும் வெட்டல மேடம், கோணலாவும் வெட்டல. அடியை மடிக்காமலேயே அனுப்புறேன். வாங்கறவங்க உடுத்திக்கிட்டு நிக்கட்டும், தரையிலிருந்து அளந்து அவங்கவங்களுக்கு அங்கேயே மடிச்சுக் கொடுப்போம்” என்றாள். அந்தப் பக்கம், “இதென்ன கல்யாண வீடா, ஒவ்வொருத்தரா நிறுத்தி அளக்க?” என்று கத்தியது எனக்கே கேட்டது. கடைசியில் எல்லாக் கிளைகளுக்கும் முடியாது, ஒரே ஒரு கடையில் வேண்டுமானால் பார்க்கலாம் என்று இறங்கிவந்தார். தும்பிக்கு அது நஷ்டம்தான். மாஸ்டர் கத்தரிக்கோலை உறையில் போட்டுவிட்டு டீ சொல்லப் போனார்.

வீடியோவின் கீழே தும்பி சின்னதாக ஒரு குறிப்பு எழுதினாள். தான் சொன்னது தவறு, தன் அம்மாவுக்கு ஒரு கால் குட்டை, இந்த ஸ்கர்ட் அவர்மேல் நேராக நின்றது என்று. மாடிவீட்டு அக்கா வழக்கம்போல் இறங்கிவந்தார்.

“‘அனுதாபத்தைக் காட்டி வியாபாரம்’னு ஒருத்தன் போட்டிருக்கான். நாசமாப் போவான். இங்க பாருங்க, இது ஒரு பொண்ணு. ‘எனக்கு முதுகெலும்பு கொஞ்சம் வளைவு. ஒரு உடுப்பும் என்மேல் நேராக நின்றதில்லை. தப்பு உடுப்பில் என்று இப்போதுதான் தெரிகிறது.’” அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் சமையலறை நடுவே எழுந்து நின்று, தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். “ஏண்ணே, எனக்கும் இடது பக்கம் கொஞ்சம் இறங்குற மாதிரி இல்ல?”

“தெரியலையேம்மா. எப்பவும் நிக்கிற மாதிரி நில்லுங்க, பாத்துச் சொல்றேன்.”

“எப்பவும் எப்படி நிக்கிறேன்னு யாருக்குத் தெரியும்?” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அடுத்த பருவம் வந்ததும் ஜனங்கள் வேறு எதையோ பார்த்துச் சிரிக்கப் போய்விட்டார்கள். பெரிய காலர்கள் திரும்பவும் பெட்டிகளுக்குள் படுத்துக்கொண்டன. பேருந்து நிறுத்தத்தில் யாரும் பின் குத்துவதில்லை.

தும்பி இப்போது அடிக்கடி வீட்டுக்கு வருகிறாள். துணியைப்பற்றி ஒன்றும் கேட்பதில்லை. வந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறாள்.

“நல்லதெல்லாம் கேட்டாச்சுப்பா. மத்ததைச் சொல்லுங்க.”

“மத்ததுன்னா?”

“அம்மாவுக்குக் கோபம் வருமா?”

“வருமாவா? ஒரு தடவை பேருந்துல நடத்துனர் இவளைப் பாத்து, ‘முடியாதவங்களுக்கு உட்கார இடம் கொடுங்கப்பா’ன்னு சொல்லிட்டார். அவ்வளவுதான்…”

“என்ன செஞ்சா?”

“கடைசி நிறுத்தம்வரைக்கும் உட்காரல. இறங்கற வரைக்கும் அந்த ஆள் காதுகிட்டயே நின்னு விசிலடிச்சுக்கிட்டு வந்தா.”

“அம்மா விசிலடிப்பாளா!”

“ஊரே திரும்பிப் பார்க்கும்.”

“எப்படி? அடிச்சுக் காட்டுங்க.”

எனக்கு விசிலடிக்க வராது. பற்கள் வேறு போய்விட்டன. ஆனாலும் உதட்டைக் குவித்தேன். காற்றுதான் வந்தது. தும்பி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளும் உதட்டைக் குவித்துப் பார்த்தாள்.